ஒரே கட்டளையில் முடித்துவிடலாமா? ப்ராசஸர் கட்டளைகள் பற்றிக் கேள்வி பதில்

கம்பைலரின் (நாம் எழுதும் ப்ரோக்ராமை ப்ராசஸர் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளின்) பின்பகுதியிலும் ப்ராசஸர் வடிவமைப்பைச் சோதிக்கும் வேலையிலும் பல வருடங்களாக இருக்கிறேன். ஒரு கட்டளை நிறைய வேலை செய்வது நல்லதா கெட்டதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இன்று அதற்கென்றே உட்கார்ந்திருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். தொடங்கும் முன் ஒரே வேண்டுகோள்: கட்டளைகளின் எண்ணிக்கையை வைத்து வேகத்தைப் பேசாதீர்கள். எத்தனை கடிகாரச் சுழற்சி ஆகிறது என்று அளந்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: ரிஸ்க், சிஸ்க் இரண்டில் எது சிறந்தது மேடம்? எங்கள் பாடக் குறிப்பில் இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை இருக்கிறது.

ரிஸ்க் என்றால் எளிய கட்டளைகள் மட்டும் உள்ள வடிவமைப்பு, சிஸ்க் என்றால் ஒரே கட்டளை நிறைய வேலை செய்யும் வடிவமைப்பு. அந்த அட்டவணை 1980 வாக்கில் நடந்த சண்டையின் நிழல். அதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துக்கே போக வேண்டும்.

டெக் நிறுவனம் 1977-இல் வாக்ஸ் கணினியைக் கொண்டுவந்தது. அப்போது மெமரி விலை அதிகம், வேகமும் குறைவு. ப்ராசஸருக்குள் இருந்த மைக்ரோகோட் (ஒரு கட்டளையை உள்ளே சின்னப் படிகளாகச் செய்து முடிக்கும் குறியீடு) அதைவிட வேகமாக ஓடியது. அதனால் ஒரு கட்டளைக்குள் எவ்வளவு வேலையைத் திணிக்க முடியுமோ அவ்வளவையும் திணித்தார்கள். பல்லுறுப்புக் கோவையைக் கணக்கிட ஒரு கட்டளை, வரிசைப் பட்டியலில் உறுப்பைச் சேர்க்க ஒரு கட்டளை, அணியின் சுட்டெண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து முகவரிக்குக் கணக்குப் போட 'இண்டெக்ஸ்' என்று ஒரு கட்டளை. 1980-இல் பேட்டர்சனும் டிட்செலும் எழுதிய கட்டுரையில் ஒரு தகவல் வருகிறது: இந்த இண்டெக்ஸ் செய்யும் வேலையை அதே வாக்ஸில் சில எளிய கட்டளைகளால் செய்தால் 45 சதவீதம் வேகமாக முடிந்தது! காரணம் எளிது. பொதுவான கட்டளை எல்லா வகைக்கும் தயாராக இருக்க வேண்டும். கம்பைலருக்கோ இந்த இடத்தில் எது தேவை, எது தேவையில்லை என்று தெரியும்.

ஐபிஎம்மில் 1975-இல் தொடங்கிய 801 திட்டத்தில் ஜான் காக்கின் குழுவும் இதே பக்கம்தான் வந்து சேர்ந்தது. 1982-இல் பெர்க்லியில் செய்த ரிஸ்க்-1 சிப்பில் இருந்த டிரான்சிஸ்டர்கள் 44,420 மட்டுமே.

இன்று முழு ப்ராசஸரையும் எடுத்து 'இது ரிஸ்க், அது சிஸ்க்' என்று முத்திரை குத்துவதில் பயன் இல்லை. நான் ஒவ்வொரு கட்டளையையும் தனியாக எடுத்து மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். கம்பைலர் அதைத் தானாகப் பயன்படுத்துமா? எத்தனை சுழற்சி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பாதி வேலையில் நிறுத்தினால் என்ன ஆகும்? மூன்றாவதுதான் பலர் மறப்பது. இன்று அதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

கேள்வி: கல்லூரி லேபில் 8085 கிட் வைத்திருக்கிறோம். ஒரு தொகுதி டேட்டாவை நகர்த்த லூப் எழுத வேண்டியிருக்கிறது. இசட்80-இல் இதற்கு ஒரே கட்டளை உண்டாமே? அப்படியானால் அது எவ்வளவோ வேகம்தானே அக்கா?

நல்ல கேள்வி தம்பி. கிட்டில் டி-ஸ்டேட் (ஒரு கடிகாரச் சுழற்சி) எண்ணிப் பழகியவர் என்பதால் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இசட்80-இல் அந்தக் கட்டளையின் பெயர் எல்டிஐஆர். ஒரு பைட்டை நகர்த்தும், முகவரிகளைக் கூட்டும், எண்ணிக்கையைக் குறைக்கும், பூஜ்யம் ஆகும்வரை தொடரும். ஒரு பைட்டுக்கு 21 டி-ஸ்டேட், கடைசி பைட்டுக்கு மட்டும் 16. அதற்கு ஒரு தம்பி உண்டு, எல்டிஐ. அது ஒரே ஒரு பைட்டை நகர்த்தி நின்றுவிடும், 16 டி-ஸ்டேட்.

256 பைட் நகர்த்த எல்டிஐஆருக்கு ஆவது 5,371 டி-ஸ்டேட். எல்டிஐயை 256 முறை வரிசையாக எழுதினால் 4,096. 'ஒரே கட்டளை' தோற்றுவிட்டது! ஆனால் எல்டிஐஆருக்கு ப்ரோக்ராமில் 2 பைட் போதும். வரிசையாக எழுதினால் 512 பைட். மெமரி குறைவாக இருந்த அந்தக் காலக் கணினியில் 510 பைட் சின்ன விஷயம் இல்லை. இடமா நேரமா என்ற பேரம் இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

சரி, அந்தக் கூடுதல் 5 டி-ஸ்டேட் எங்கே போகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எல்டிஐஆர் ஒரு பைட்டை நகர்த்தியதும் அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ப்ரோக்ராம் கவுண்டரை இரண்டு பைட் பின்னால் தள்ளி, தன்னையே மறுபடி எடுக்கச் சொல்கிறது. அதனால் இரண்டு பைட்டுகளுக்கு நடுவே இன்டரப்ட் (வேறு அவசர வேலைக்கான குறுக்கீடு) வந்தால் தாராளமாகப் போய்விட்டு வரலாம். எதுவரை முடித்தோம் என்பது முழுவதும் ரெஜிஸ்டர்களில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களில்) இருக்கிறது. மறைவாக எதுவும் இல்லை. அந்த 5 டி-ஸ்டேட் வீண் செலவு இல்லை, பத்திரமாக நிற்பதற்குக் கொடுத்த விலை.

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?

இது என் துறை இல்லை. எடிட்டிங் செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: எக்ஸ்86 கட்டளைகள் இவ்வளவு குழப்பமாக இருந்தும் இன்டெல், ஏஎம்டி சிப்கள் எப்படி வேகமாக ஓடுகின்றன? வாக்ஸ் மட்டும் ஏன் செத்துப்போனது?

ஓலைச்சுவடியைப் பார்த்திருக்கிறீர்களா? சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது, மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் இருக்காது. முதல் சொல் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். இப்போது எட்டுப் பேர் ஒரே ஓலையை ஒரே நேரத்தில், ஆளுக்கொரு சொல்லாகப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும் பகுதியான டீகோடரின் கஷ்டம் அதுதான். எக்ஸ்86 கட்டளை 1 பைட்டிலிருந்து 15 பைட் வரை எந்த நீளத்திலும் வரலாம். செல்பேசிச் சிப்களில் பரவலாக இருக்கும் ஆர்ம் வடிவமைப்பின் 64 பிட் வகையில் எல்லாமே 4 பைட். அதனால்தான் ஆப்பிளின் எம்1 சிப்பால் 2020-லேயே ஒரு சுழற்சிக்கு எட்டுக் கட்டளைகளைப் பிரித்துப் படிக்க முடிந்தது.

எக்ஸ்86 தப்பித்ததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்காமல் இருக்க வழி செய்தார்கள். பென்டியம் ப்ரோ (1995) முதல் இன்டெல் சிப்கள் கட்டளையைச் சிறிய உள்கட்டளைகளாக உடைக்கின்றன. 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ், அப்படி உடைத்த 1,536 உள்கட்டளைகளை ஒரு கேஷில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன வேக மெமரியில்) சேமித்து வைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் லூப் அதற்குள் அடங்கினால் டீகோடர் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது காரணத்தைப் பாடக் குறிப்புகள் சொல்வதில்லை. எக்ஸ்86-இல் சாதாரணக் கட்டளை பெரும்பாலும் ஒரே ஒரு மெமரி இடத்தைத்தான் தொடும். வாக்ஸில் ஒவ்வோர் ஆபரண்டும் (கட்டளை எடுத்து வேலை செய்யும் மதிப்பும்) மெமரியைத் தொடலாம், மெமரியில் இருக்கும் முகவரி வழியாக இன்னொரு மெமரிக்கும் போகலாம். ஒவ்வோர் ஆபரண்டின் நீளமும் அதைப் படித்தால்தான் தெரியும். மெமரியைப் பிரித்து வைக்கும் பக்கத்தின் அளவோ 512 பைட். ஒரே கட்டளையின் நடுவில் பல இடங்களில் பேஜ் ஃபால்ட் (தேவையான பக்கம் மெமரியில் இல்லாமல் நிற்பது) வரலாம் என்றால், அதை வேகமான பைப்லைனில் (ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கும் முறையில்) ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். டெக் நிறுவனமே 1992-இல் ஆல்ஃபா என்ற ரிஸ்க் வடிவமைப்புக்கு மாறியது.

கேள்வி: ரிஸ்க் நல்லதா, சிஸ்க் நல்லதா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மெமரியில் நகல் எடுக்க எக்ஸ்86-இல் 'ரெப் மூவ்எஸ்பி' இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதே என்கிறார் ஒருவர், பயன்படுத்து என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி, வருடம்தான் வேறு.

1978-இல் 8086 வந்தபோது நகல் எடுக்க நல்ல வழி அதுவே. பிறகு வந்த ப்ராசஸர்களில் மைக்ரோகோடைத் தொடங்குவதற்கே பல சுழற்சிகள் போயின. ப்ரோக்ராம் நூலகங்களை எழுதியவர்கள், பல பைட்டுகளை ஒரே மூச்சில் தாங்கும் அகலமான வெக்டர் ரெஜிஸ்டர்களுக்கு மாறினார்கள். 2012-இல் ஐவி பிரிட்ஜ் வந்தபோது இன்டெல் இந்தக் கட்டளையைச் சீர்செய்து, 'இந்தச் சிப்பில் இது வேகம்' என்று சொல்லத் தனி அடையாள பிட்டும் வைத்தது. சின்ன நகல்களுக்கான சீர்திருத்தம் ஐஸ் லேக்கில் வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, கட்டளையின் பொருள் மாறவே இல்லை என்பது. 'இங்கிருந்து அங்கே இத்தனை பைட்' என்று ப்ரோக்ராம் சொன்னால் போதும், எப்படி என்பது சிப்பின் பொறுப்பு. பழைய ப்ரோக்ராமும் புதிய சிப்பில் பலன் பெறும். பல வருடங்கள் இப்படி ஒரு கட்டளை இல்லாமல் இருந்த ஆர்மும் இப்போது ஆர்ம்வி8.8-இல் நகல் கட்டளைகளைச் சேர்த்துவிட்டது. தொடக்கம், நடு, முடிவு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மீதி எவ்வளவு என்பது ரெஜிஸ்டர்களில் இருப்பதால் நடுவில் நின்று தொடரலாம். எல்டிஐஆரை நினைத்துக்கொள்ளுங்கள், அதே பாடம்.

கேள்வி: செஸ் ப்ரோக்ராம் எழுதுகிறேன். 'பெக்ஸ்ட்' கட்டளை வைத்ததும் என் கணினியில் நன்றாக ஓடுகிறது. நண்பரின் கணினியில் படுமெதுவாக ஓடுகிறது. இத்தனைக்கும் அதிலும் பெக்ஸ்ட் இருக்கிறது என்றே காட்டுகிறது.

நண்பரின் சிப் எது என்று நீங்கள் சொல்லவில்லை. ஏஎம்டியின் ஜென்1 அல்லது ஜென்2 வகையா என்று முதலில் பாருங்கள்.

பெக்ஸ்ட் என்பது ஓர் எண்ணிலிருந்து நாம் சுட்டிக்காட்டும் இடங்களில் உள்ள பிட்களை மட்டும் பொறுக்கி நெருக்கமாக அடுக்கும் கட்டளை. யானை போகும் வழியில் எந்தெந்தக் கட்டத்தில் காய் இருக்கிறது என்று பார்த்து அட்டவணையில் தேட அருமையான கருவி. இன்டெல் 2013-இல் ஹாஸ்வெல்லில் இதற்கெனத் தனிச் சுற்று வைத்தது, 3 சுழற்சியில் முடியும். ஜென்2 வரை ஏஎம்டி இதை மைக்ரோகோடில் செய்தது. எத்தனை பிட்களைப் பொறுக்குகிறோமோ அதற்கேற்ப நேரம் கூடும், நூறு சுழற்சிகளைத் தாண்டவும் கூடும். 2020-இல் ஜென்3 வந்த பிறகு அங்கேயும் வேகம்.

ஆக, 'கட்டளை இருக்கிறது' என்பது வேறு, 'கட்டளை வேகமாக இருக்கிறது' என்பது வேறு. பெக்ஸ்டுக்குச் சிப் தரும் அடையாள பிட் முதலாவதை மட்டுமே சொல்லும். மேஜிக் எண்ணால் பெருக்கிச் சுட்டெண் பெறும் பழைய முறையையும் வைத்துக்கொண்டு, ப்ரோக்ராம் தொடங்கும்போது இரண்டையும் அளந்து வேகமானதை எடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், அளக்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கட்டளை எதிர்பாராமல் வேகமாக ஓடினாலும் ஆபத்து உண்டு. எக்ஸ்86-இன் 'லூப்' கட்டளை ஏஎம்டி கே6-2 சிப்பில் மிக வேகம். விண்டோஸ் 95 அதை வைத்து நேரம் அளந்தது. 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடிய சிப்களில் அளந்த நேரம் பூஜ்யமாகி, பூஜ்யத்தால் வகுக்கப் போய், தொடங்கும்போதே நின்றுபோனது.

கேள்வி: சிக்கலான கட்டளைகள் எல்லாமே தப்பு என்கிறீர்களா மேடம்? குறியாக்கத்துக்கான ஏஇஎஸ் கட்டளைகள்?

இல்லவே இல்லை. சிக்கல் என்ற சொல்லை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்கிறேன்.

ஏஇஎஸ் குறியாக்கத்தின் ஒரு சுற்றைச் செய்யும் கட்டளையை இன்டெல் 2010-இல் கொண்டுவந்தது. கணிதமாகப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் சிப்பின் பார்வையில் பாருங்கள்: இரண்டு ரெஜிஸ்டர்களைப் படிக்கிறது, ஒன்றில் எழுதுகிறது. லூப் இல்லை, நடுவில் நிற்கும் இடமே இல்லை. டேட்டா எதுவாக இருந்தாலும் ஒரே நேரம். இதைச் சாதாரணக் கட்டளைகளால் எழுதினால் அட்டவணையில் தேட வேண்டும், அந்தத் தேடலில் கேஷ் வழியாக ரகசியச் சாவி கசியலாம். வேகம், பாதுகாப்பு இரண்டிலும் லாபம்.

இன்னோர் உதாரணம். ஆர்ம்வி8.3-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கென்றே ஒரு கட்டளை சேர்த்தார்கள். தசம எண்ணை 32 பிட் முழு எண்ணாக்கும்போது எல்லை தாண்டினால் ஜாவாஸ்கிரிப்ட் சுற்றிக்கொண்டு வரச் சொல்கிறது. ஆர்மின் வழக்கமான கட்டளை எல்லையிலேயே நின்றுவிடும். ஒரு மொழிக்காகக் கட்டளையா என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. ரெஜிஸ்டரிலிருந்து ரெஜிஸ்டருக்குப் போகிறது, மெமரியைத் தொடவில்லை, அதை வெளியிடும் கம்பைலர் ஒவ்வொரு பிரவுசரிலும் இருக்கிறது.

கேள்வி: ரிஸ்க்-ஃபைவில் (பெர்க்லியில் உருவான திறந்த கட்டளைத் தொகுப்பில்) அணியின் ஓர் உறுப்பைப் படிக்க மூன்று கட்டளைகள் வேண்டும்: நகர்த்து, கூட்டு, படி. ஆர்மில் ஒன்றே போதும். எளிமை என்ற பெயரில் இது பிடிவாதம் இல்லையா?

பிடிவாதம் கொஞ்சம் உண்டு, காரணமும் உண்டு. முகவரி, சுட்டெண் இரண்டையும் கூட்டிப் படிக்க இரண்டு ரெஜிஸ்டர்கள் போதும். அதே முறையில் எழுத வேண்டுமானால் எழுத வேண்டிய மதிப்பும் சேர்ந்து மூன்று ஆகிவிடும். சின்னச் சிப்பில் ரெஜிஸ்டர் அடுக்குக்கு மூன்றாவது வாசல் (ஒரே நேரத்தில் மூன்றாவது ரெஜிஸ்டரையும் படிக்கும் வழி) வைப்பது செலவு. தவிர, லூப்பில் கம்பைலர் சுட்டெண்ணை முகவரியாகவே மாற்றி நகர்த்திவிடும்.

அதே நபர்: தசம எண்களைப் பெருக்கிக் கூட்டும் கட்டளைக்கு ரிஸ்க்-ஃபைவ் மூன்று ரெஜிஸ்டர் படிக்கிறதே! அங்கே மட்டும் வாசல் எப்படி வந்தது?

அது தசம எண்களுக்கான தனி ரெஜிஸ்டர் அடுக்கு. முழு எண் அடுக்கில் இன்னும் இரண்டுதான்.

இன்னொருவர்: பக்கத்துப் பக்கத்தில் வரும் கட்டளைகளைச் சிப்பே ஒன்றாக இணைத்துக்கொள்ளும் என்று பெர்க்லி தரப்பு சொன்னது. கம்பைலர் அவற்றைப் பக்கத்தில் வைத்தால்தானே? ஒரே கட்டளையாக இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

இந்த வாதத்தை ஏற்கிறேன். இணைப்பது டீகோடருக்குக் கூடுதல் வேலை, அது கம்பைலரின் தயவை நம்பி இருக்கிறது. 2021-இல் நகர்த்தலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யும் கட்டளைகளை ரிஸ்க்-ஃபைவ் சேர்த்ததே, முதலில் வைத்த கோடு கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது என்பதற்குச் சான்று. இப்போது மூன்று இரண்டாகிவிட்டது. இடையில் ஒரு படியை மட்டும் எடுத்து, வாசலைக் கூட்டாமல் விட்டது நல்ல பேரம் என்பது என் கருத்து.

முதல் நபர்: அப்படியானால் கேரி ஃபிளாக் (கூட்டலில் மிஞ்சி அடுத்த இடத்துக்குப் போவதைக் குறித்து வைக்கும் பிட்)? பெரிய எண்களைக் கூட்ட ஆர்மில் ஒரு கட்டளை, ரிஸ்க்-ஃபைவில் ஐந்து.

ரிஸ்க்-ஃபைவின் பலவீனமான இடம் இது, மறைக்க மாட்டேன். கேரியை உள்ளே வாங்கி வெளியே தரும் ஒரு கூட்டலுக்குக் கூட்டு, ஒப்பிடு, மறுபடி கூட்டு, மறுபடி ஒப்பிடு, இரண்டையும் சேர் என்று ஐந்து கட்டளைகள் வேண்டும். பெரிய எண்களோடு வேலை செய்கிறவர்கள் கோபப்படுவது நியாயம்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். எக்ஸ்86 போன்றவற்றில் ஃபிளாக் என்பது ஏறக்குறைய எல்லாக் கணக்குக் கட்டளைகளும் ரகசியமாக எழுதும் ஒரு பொது ரெஜிஸ்டர். கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் சிப் அதையும் கண்காணித்தபடி இருக்க வேண்டும். எக்ஸ்86-இல் ஒரே ஒரு கேரி இருந்ததால் இரண்டு சங்கிலிக் கூட்டல்களை ஒன்றோடொன்று பின்னி ஓட்ட முடியவில்லை. அதற்காகவே 2014-இல் இன்டெலின் பிராட்வெல் சிப்பில் இரண்டு புதிய கூட்டல் கட்டளைகளைச் சேர்த்தார்கள். ஒன்று கேரி ஃபிளாக்கை மட்டும் தொடும், மற்றொன்று ஓவர்ஃப்ளோ ஃபிளாக்கை மட்டும் தொடும். ஃபிளாக் உள்ளவர்களுக்கே அது போதவில்லை.

ஐந்து என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சிப்பில் எத்தனை சுழற்சி என்று இரண்டு பேரும் அளந்து கொண்டுவாருங்கள். பல பேர் காத்திருக்கிறார்கள், இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸர் எந்த வகை?

ரிஸ்க்-ஃபைவ். 2018-இல் ஒரு சிப்பை இன்டெலின் 22 நானோமீட்டர் முறையிலும், இன்னொன்றைச் சண்டிகரை அடுத்த மொகாலியில் 180 நானோமீட்டர் முறையிலும் தயாரித்தார்கள். மூலக் குறியீடு திறந்தே இருக்கிறது. டீகோடர் எப்படி இருக்கும் என்று கேட்கிற மாணவர்கள் அதைத் திறந்து படியுங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் ரிஸ்க், சிஸ்க் வித்தியாசம் கேட்டால் என்ன சொல்வது?

மூன்றாவது முறை. முதல் பதில், மூன்று கேள்விகள்.

கேள்வி: இறுதியாண்டு ப்ராஜெக்ட். எஃப்பிஜிஏவில் (உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்பில்) சொந்த ப்ராசஸர் செய்கிறோம். மெமரியில் உள்ள எண்களை வரிசைப்படுத்த ஒரே கட்டளை வைக்க ஆசை. வைக்கலாமா அக்கா?

உங்கள் ப்ராசஸர், ஆசையை நான் தடுக்கவில்லை. முதலில் என் அனுபவத்தைக் கேளுங்கள்.

ஒரு சமயம் சின்ன 32 பிட் ப்ராசஸர் கோரில் வேலை செய்தோம். வெளியிலிருந்து வரும் டேட்டா ஒரு வரிசையில் காத்திருக்கும், ஒருமுறை படித்தால் வரிசையிலிருந்து போய்விடும். வேகத்துக்காகப் பல ரெஜிஸ்டர்களை ஒரே மூச்சில் நிரப்பும் கட்டளையால் படித்தோம். லேபில் அருமையாக ஓடியது. வெளியே போனதும் எப்போதாவது ஒருமுறை நடுவில் இரண்டு மூன்று எண்கள் காணாமல் போகும். வாரக்கணக்கில் தேடினோம். கடைசியில் கையேட்டில் ஒரு வரி: இந்தக் கட்டளையின் நடுவில் இன்டரப்ட் வந்தால் கோர் அதைக் கைவிட்டு, திரும்பி வந்ததும் முதலிலிருந்து தொடங்கும். சாதாரண மெமரியில் இரண்டாம் முறை படித்தால் அதே மதிப்பு வரும். எங்கள் வரிசையிலோ முதல் முறை படித்தவை போயே போய்விட்டன. கோர் சொன்னபடிதான் நடந்தது, படிக்காதது நாங்கள்.

இதே கவலை இல்லாத நல்ல வடிவமைப்பும் இருக்கிறது. சின்னச் சிப்களுக்காக ரிஸ்க்-ஃபைவ் 2023-இல் சேர்த்த புஷ் கட்டளை பல ரெஜிஸ்டர்களை ஸ்டேக்கில் (மெமரியில் தற்காலிகமாகச் சேமிக்கும் அடுக்கில்) எழுதிவிட்டு, ஸ்டேக் முகவரியை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மாற்றுகிறது. நடுவில் கைவிட்டு மறுபடி தொடங்கினாலும் அதே இடத்தில் அதே மதிப்பையே எழுதும்.

உங்கள் கட்டளைக்கு வருவோம். ஆயிரம் எண்களில் நானூறை வரிசைப்படுத்தியபோது டைமர் இன்டரப்ட் வருகிறது. காத்திருக்க வைப்பீர்களா? எவ்வளவு நேரம்? நிறுத்துவதானால் எங்கே நின்றோம் என்பதை எந்த ரெஜிஸ்டரில் வைப்பீர்கள்? பாதி கலைந்த அணியை இன்டரப்ட் ரொட்டீன் படித்தால் என்ன தெரியும்? இன்னொரு வழியும் யோசியுங்கள்: இரண்டு ரெஜிஸ்டர்களை ஒப்பிட்டுச் சிறியதைத் தரும் கட்டளை ஒன்று, பெரியதைத் தரும் கட்டளை ஒன்று. இரண்டும் ஒரே சுழற்சியில் முடியும், நிற்கும் இடமே இல்லை. அவற்றை வைத்துச் சின்னச் சின்ன அணிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்.

இரண்டு வழிகளையும் எஃப்பிஜிஏவில் ஓட்டி, சுழற்சிகளை எண்ணி, இன்டரப்ட் கேள்விக்கு உங்கள் பதிலையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். வந்ததும் டீகோடரைப் பற்றிப் பேசலாம்.